மதினி மியூட் போட்டுப் பார்த்த படங்கள்

என் அண்ணன் வீட்டில் பழைய டிவி ரிமோட் ஒன்று இருந்தது. அதில் எல்லாப் பொத்தான்களின் மேலும் எழுத்து தெரியும், ஒன்றைத் தவிர. சத்தத்தை நிறுத்துகிற பொத்தான் அது. அதன் மேலிருந்த படம் எப்போதோ அழிந்து, ரப்பர் வழவழவென்று குழிந்துபோய்விட்டது. பேட்டரி மூடி தொலைந்ததால் பின்பக்கம் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். மதினி டிவி முன் உட்கார்ந்தால் ரிமோட் அவருடைய வலது கையில்தான் இருக்கும்; சாப்பிடும்போது இடது கைக்கு மாறும். யார் கேட்டாலும் தர மாட்டார். "எந்தச் சேனல் வேணுமோ சொல்லு தாயி, நான் மாத்துறேன்" என்பார். என்னைப் போன்ற சினிமாப் பைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு கிடையாது.

என்னை விருதுநகரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் வீடு தாயில்பட்டிப் பக்கம். கோடை விடுமுறை விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவேன். போனதும் எனக்கும் மதினிக்கும் சண்டை ஆரம்பமாகிவிடும். நான் அடிதடிப் படங்களின் ஆள். கதாநாயகன் வில்லனின் கோட்டையில் குண்டு வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வர வேண்டும். பின்னால் கட்டடம் வெடித்துச் சிதற வேண்டும். அவன் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். சரியாக அந்த இடத்தில்தான் மதினியின் கட்டைவிரல் அந்தப் பொத்தானில் விழும். திரையின் ஓரத்தில், குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர் படம் சிவப்பாக வந்து நிற்கும். நெருப்பு சத்தமில்லாமல் எழும்பும், கார்கள் சத்தமில்லாமல் பறக்கும். எல்லாம் அடங்கிய பிறகுதான் சத்தம் திரும்பி வரும்.

"உப்பில்லாமக் குழம்பு ஊத்துற மாதிரி இருக்கு மதினி" என்று ஒருமுறை எரிச்சலில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏன் தாயி, அவன் ஏன் திரும்பிப் பாக்க மாட்டேங்கான்? நம்ம ஊர்ல வெடிச்சா எல்லாருந்தான் திரும்பிப் பாப்பாக. திரும்பிப் பாக்காம இருக்கவன் உசுரோட இல்லாதவன்தான்" என்றார்.

மதினிக்குப் பிடித்தது மத்தியான சீரியல். மாமியார் பாயசத்தில் விஷம் கலப்பதும், மருமகள் அதை வேறு யாருக்கோ கொடுப்பதும், எல்லோருடைய முகத்தையும் கேமரா மும்மூன்று தடவை சுற்றிக் காட்டுவதும் எனக்குக் கொட்டாவி வரவழைக்கும். ஒரு டம்ளர் பாயசத்தை ஒரு வாரமாகக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, பால் திரிந்துபோகாதா என்று கேட்பேன். "திரிஞ்சா திரியட்டும். விசம் வச்சாலும் சத்தம் இல்லாம வைக்கா பாரு, அது போதும் எனக்கு" என்பார். குழந்தைகள் பாடும் போட்டி நிகழ்ச்சியைப் பார்த்து, தோற்ற பிள்ளையைவிட அதிகமாக அழுவார். தீபாவளி அன்று நடிகைகள் பட்டுச்சேலையில் மத்தாப்புப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னால், "முந்தானையச் செருகு, முந்தானையச் செருகு" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவார்.

ஆனால் அவர் மனதார வெறுத்தது ஒரு நகைச்சுவையை. உங்களுக்கும் தெரிந்ததுதான். நகைச்சுவை நடிகர் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். டமால். புகை விலகினால் முகம் கரி, தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும், சட்டை கிழிந்து தொங்கும், வாயிலிருந்து கொஞ்சம் புகை வரும். தமிழ்நாடே சிரிக்கும். என் மகள் தரையில் உருண்டு சிரிப்பாள். மதினி சேனலை மாற்றிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "மூஞ்சி கரியாகி நடந்து வந்தவன எங்கனயாவது பாத்திருக்கியா? வெடிச்சா அப்படியா வருவாக?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. சமையல் குறிப்பில் தப்புக் கண்டுபிடிப்பதுபோலத்தான் சொன்னார்.

அண்ணனுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் வேலை. வெயில் ஏறுவதற்குள் கலவையை முடிக்க வேண்டும் என்பதால் விடிகாலையிலேயே போய்விடுவார். செல்போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ஏதாவது என்றால் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோரும் காதை வெளியே வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் இருப்பார்கள். தூரத்தில் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். எந்தத் திசையில் எந்தக் கம்பெனி என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மதினி பயந்தது படத்தில் வருகிற வெடிக்கு அல்ல. அந்தச் சத்தத்தில் வெளியே கேட்கிற சத்தம் அமுங்கிப்போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இது எனக்குப் புரிந்தது சிவகாசியில் ஒரு தியேட்டரில். நான்தான் பிடிவாதமாக மதினியைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன். புதிதாக ஸ்பீக்கர் எல்லாம் மாற்றியிருந்தார்கள். ஹீரோ செருமினால்கூட நாற்காலி அதிர்ந்தது. தியேட்டரில் மியூட் ஏது? குண்டு வைக்கிற காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் மதினி எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் இல்லை. இன்னும் சில பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. உள்ளே வெடித்து முடிந்ததும் எல்லோரும் தத்தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கோடையைப் பற்றி. மகளுக்கு இருக்கன்குடியில் மொட்டை போடலாம் என்று வந்திருந்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை கோயில். வியாழன் முற்பகலில் டிவியில் எனக்குப் பிடித்த படம். பக்கத்து வீட்டு அக்காவும் வெங்காயம் உரித்தபடி எங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரரும் அண்ணனோடு அதே கம்பெனியில்தான் வேலை. காலையில் இருவரும் ஒரே பைக்கில் போயிருந்தார்கள்.

குண்டுக் காட்சி வந்தது. மதினியின் கட்டைவிரல் வழக்கம்போல அழுத்தியது. கதாநாயகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தான். பின்னால் கட்டடம் சிவந்து பிளந்தது. அப்போது பெரிய சத்தம் கேட்டது. அலமாரியில் டம்ளர்கள் உரசிக்கொண்டன. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக மதினி கோட்டை விட்டுவிட்டார் என்று. என் மகள் கைதட்டி, "அத்தை, மியூட் போடாம விட்டுட்டீங்க" என்றாள்.

மதினி ரிமோட்டைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரையின் ஓரத்தில் அந்தச் சிவப்பு ஸ்பீக்கர் படம், குறுக்குக் கோட்டோடு, அசையாமல் இருந்தது.

அக்காவின் மடியிலிருந்து வெங்காயம் எல்லாம் உருண்டது. யாரும் கத்தவில்லை. மதினியும் அக்காவும் மாடிப்படி ஏறினார்கள், நான் பின்னால். தெருவில் எல்லா மொட்டைமாடிகளிலும் பெண்கள் நின்றார்கள். எல்லோருடைய முகமும் மேற்கே. அங்கே புகை வெள்ளையாக எழும்பி, மேலே போகப்போகக் கறுத்தது. "நம்ம கம்பெனிதான்" என்று மதினி சொன்னார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று தெரியும். செல்போன் வாசலில் வாட்ச்மேனிடம் அல்லவா இருக்கிறது. தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டார். அக்காவும் போட்டார். பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் காதில் போனை வைத்துக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்குப் போகிற பாதையைப் போலீஸ் மறித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கீழே வந்தோம். டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகனும் கதாநாயகியும் பனிமலையில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே சிவப்புப் பட்டையில் எங்கள் பக்கத்து ஊரின் பெயரும் பட்டாசு ஆலை வெடிவிபத்து என்ற வார்த்தைகளும் நகர்ந்துபோயின. அணைத்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், பேரு போடுவாக" என்றார் அக்கா. அந்தப் பனிமலைப் பாட்டை நாங்கள் முழுதாகப் பார்த்தோம். எனக்குப் பிடித்த பாட்டுத்தான். இன்றுவரை அதை என்னால் திரும்பப் பார்க்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. ஒரு லோடு ஆட்டோ தெருவுக்குள் வந்து நின்றது. அதிலிருந்து அண்ணன் இறங்கினார். முகம் முழுக்கக் கரி. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தலைமுடி பொசுங்கிச் சுருண்டு நட்டுக்கொண்டு நின்றது. சட்டையில் ஒரு கையைக் காணவில்லை. வெடித்தபோது அவர் வெளியே மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். வெடித்த அறைக்குள் ஓடி இரண்டு பேரை இழுத்து வெளியே போட்டாராம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்து என் மகள் கலகலவென்று சிரித்தாள். அவளுக்குத் தெரிந்தது அந்த நகைச்சுவைதானே. எனக்கு ஆத்திரம் பொங்க, அடிக்கக் கை ஓங்கினேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்கட்டும் தாயி. வந்துட்டாகள்ல" என்றார். அந்தக் கரி முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அழுகை வந்தது.

அக்கா படியில் நின்றிருந்தார். "அண்ணே, எங்க வீட்டுக்காரரு எங்க?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அக்கா மறுபடி கேட்டார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மனசில்லாமல் நிற்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அக்கா அவருடைய கையைப் பிடித்து உலுக்கினார். மதினிக்குத்தான் முதலில் புரிந்தது. அண்ணனின் காதருகே வாயைக் கொண்டுபோய், கையைக் குவித்துக் கத்தினார். அண்ணனுக்கு ஏதோ கொஞ்சம் எட்டியிருக்க வேண்டும். அக்காவிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி உரத்துச் சொன்னார்:

"அவன் உள்ள இருந்தாம்மா. என்னால அந்தப் பக்கம் போக முடியல."

தன் குரல் எவ்வளவு உரக்க ஒலித்தது என்று அவருக்குத் தெரியாது. மாடியில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் அது கேட்டது. அக்கா மட்டும் கேட்காதவர் மாதிரி, "எங்க இருக்காக, எங்க இருக்காக" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணனுக்குக் காது திரும்பவில்லை. வைத்தியம் பார்த்தும் ஒரு காதில் லேசாக இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது என்கிறார். வேலையை விட்டு வீட்டோடு ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். இந்தக் கோடையிலும் போயிருந்தேன். புது டிவி, புது ரிமோட். வேடிக்கை என்னவென்றால், இப்போது அண்ணன்தான் சண்டைப் படங்களின் ரசிகர். வசனம் கேட்காவிட்டாலும் அடிதடி புரியுமே. மதினி பக்கத்தில் உட்கார்ந்து கையசைத்து அவருக்குக் கதை சொல்கிறார், தனக்குப் பிடிக்காத படத்துக்கெல்லாம்.

இனிமேலாவது ஒரு படத்தை முழுச் சத்தத்தோடு பார்க்கலாம் என்று நினைத்தேன். அண்ணன் வீட்டில் இருக்கிறார், இனி என்ன பயம்? குண்டுக் காட்சி வந்தது. சத்தம் நின்றது. ரிமோட்டை எட்டிப் பார்த்தேன். புது ரிமோட்டிலும் அந்தப் பொத்தானின் படம் தேய ஆரம்பித்திருந்தது.

"அண்ணன்தான் இங்கன இருக்காகளே மதினி, இன்னும் எதுக்கு?" என்று கேட்டேன்.

மதினி ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த வழியாகப் பக்கத்து வீட்டுக் கதவு தெரிந்தது. பூட்டியிருந்தது. "அக்கா வேலைக்குப் போயிருக்காக" என்றார். அவரும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போகிறார், எனக்குத் தெரியும். வேறு எந்த வேலைக்குப் போவார்? "அந்த வீட்டுல சத்தம் கேக்கதுக்கு இப்ப யாரு இருக்கா?"

திரையில் கட்டடம் பிளந்தது. கதாநாயகன் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். மதினியும் நானும், வளர்ந்துவிட்ட என் மகளும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தோம். ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும், எங்களோடு அண்ணனும் திரும்பியிருந்தார்.