எட்வின் பிடித்த ஹேண்டில்பார்

ஷெரின் டீச்சரின் கணவர் எட்வின், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கூட வேலை பார்த்தவர்களெல்லாம் பைக்கில் பறக்க, இந்த மனிதர் மட்டும் தினமும் சைக்கிளில் போய் வந்தார். அதுவும் குனிந்து பிடிக்கிற வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிள். கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிக் கழித்ததை ஆசையாக வாங்கி வந்திருந்தார். தெருவில் அதற்கு ஆட்டுக்கொம்பு சைக்கிள் என்று பெயர். நாற்பது வயதில் தொடை தெரிய டவுசர் மாட்டிக்கொண்டு கிளம்பும் ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஷெரினும் சிரித்தவள்தான்.

சிரித்தவளையே ஆறு மாதத்தில் சைக்கிள் ஏற வைத்துவிட்டார். அவளுடையது நேர் ஹேண்டில்பார் வைத்த சாதாரண சைக்கிள். சனிக்கிழமை காலையில் இருவரும் வத்திராயிருப்பு வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். வழியெல்லாம் எட்வினுக்குப் பேச்சு. பேசும்போது வலது கை காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், இடது கை மட்டும்தான் சைக்கிளைப் பிடித்திருக்கும்.

எதிர்காற்றில் அவள் மணிக்கட்டு கடுத்து நின்றுவிட்டால், "நேர் ஹேண்டில் அப்படித்தாம்ட்டி. ஒனக்கும் என்னுது மாதிரி மாத்தித் தாரேன்" என்பார்.

"ஆமா, நாலு வருசமா மாத்திக்கிட்டேதான் இருக்கீக."

போன ஐப்பசியில், மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரமே அவருடைய சட்டைகளை நாத்தனார் மூட்டை கட்டி ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாள். அவர் வாசம் இருந்த தலையணை உறையை யாரோ உதவி என்று நினைத்துத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஷெரின் எதையும் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றியபோது எல்லாம் முடிந்திருந்தது.

மிஞ்சியது சைக்கிள் ஒன்றுதான். அதன் ஹேண்டில்பாரில், கை வலிக்காமல் இருக்கச் சுற்றிய மெத்தென்ற டேப் இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது வியர்வை ஊறி டீ நிறம். இடது பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அவர் கையைத் தொடுகிற மாதிரியே இருக்கும். அதற்காகவே சாயங்காலம் எப்போது வரும் என்று பகலெல்லாம் காத்திருந்தாள்.

நின்று தொட்டது போதவில்லை. அவர் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்து வத்திராயிருப்பு வரை போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவர் சைக்கிளில் ஏறினால் அவளுக்குக் கால் தரையில் எட்டாது. ஹேண்டில்பாரைக் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டினால் ஆயிற்று. இரண்டு சைக்கிளையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கு, எட்வின் வழக்கமாகப் போகும் கருத்தையாவின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"அவுக ஹேண்டில்பார என் சைக்கிளுக்கு மாத்தணும்ணே."

டேப்பைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தாள். வியர்வை பிடித்த பழைய டேப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓர் ஆணிடம் எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டாள்.

நாலாம் நாள் போனபோது கருத்தையா முகமெல்லாம் சிரிப்பாக அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஹேண்டில்பாரில் கன்னங்கரேலென்று புத்தம்புது டேப்.

"ஒங்க கைக்கு எட்டணும்லா, அதான் நடுவுல உள்ள ஸ்டெம்ம குட்டையாப் போட்டேன் டீச்சர். பிரேக்கு கேபிள் அம்புட்டும் டேப்புக்கு அடியிலதான் ஓடும், பிரிக்காம ஏலாது. பிரிச்சதுதான் பிரிச்சோம்னு மதுரையில இருந்து புதுசு வரவழைச்சேன். பழசப் பாத்தா ஒங்களுக்கு அவன் நெனப்பா வந்து சங்கடமா இருக்கும்லா."

ஷெரின் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "பழசு எங்கண்ணே?"

"அதையா கேக்கீக? நேத்தே குப்பை வண்டியில போட்டாச்சு."

அவர் முகத்தில் அத்தனை பிரியம். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? "நல்லாருக்குண்ணே" என்றாள்.

"எட்வின் இருந்தாம்னா பாத்துச் சந்தோசப்பட்டிருப்பான்" என்றார்.

அவர் சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு, தன்னுடையதில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறியதும் எதிர்காற்று. குனிந்து பிடித்தாள். மணிக்கட்டு கடுக்கவில்லை. அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். பள்ளம் இல்லாத புது டேப்பில் அவளுடைய வியர்வை ஈரமாகத் தெரிந்தது. பத்து வருடம் ஓட்டினாலும் இனி அதில் தேயப்போவது அவள் கை பட்ட இடம் மட்டும்தான். அவர் விரல் பதிந்த பழைய டேப்பை யாரும் கேட்டுப் பிடுங்கவில்லை. அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.