போட்டோவுக்கு எடுத்த முடி

கதிர்காமம் போவதற்கு நான் போட்ட திட்டத்தைப் போல இன்னொரு திட்டத்தைத் தூத்துக்குடியில் எவனும் போட்டிருக்க மாட்டான். பெருமைக்குச் சொல்லவில்லை. வெட்கக்கேட்டைச் சொல்லுகிறேன்.

சண்டைக் காலத்தில் எனக்கு டைபாய்டு வந்து, நினைவு தப்பிக் கிடந்தேன். டாக்டரே கையை விரித்துவிட்டார். அப்போது என் மனைவி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு நின்று நேர்ந்திருக்கிறாள். இந்த மனுஷன் எழுந்து நடந்தால், கதிர்காமத்துச் சன்னதிக்கே வந்து தலைமுடியைக் கொடுக்கிறேன் என்று. நான் எழுந்து நடந்தேன். பக்கத்தில் திருச்செந்தூர் இருக்கும்போது கடல் தாண்டி எதற்கு நேர்ந்தாய் என்று கேட்டேன்.

"பக்கத்துல நேந்தா லேசாப் போயிரும். ஒங்க உசுரு என்ன லேசா?" என்றாள்.

அவள் உட்கார்ந்தால் முடி தரையில் கிடக்கும். அப்படி முடி.

சண்டை முடிந்து, அரிசித் தட்டுப்பாடு ஓய்ந்து, நாடு சுதந்திரமும் வாங்கிய பிறகுதான் எங்களுக்கு வேளை வந்தது. அதற்குள் புதுச் சட்டம் வந்திருந்தது. முன்னே மாதிரி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கப்பல் ஏற முடியாது. போட்டோ ஒட்டிய கடுதாசி வேண்டும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. துறைமுகத்தில் கப்பலுக்குப் போகிற மூட்டைகளையும் வருகிற மூட்டைகளையும் எண்ணிக் குறிக்கிற கிளார்க் நான். ஒழுங்கு என்றால் உயிர். திரேஸ்புரத்துத் தோணிக்காரர்களிடம் விசாரித்து, கொழும்பிலிருந்து மாத்தறை வரை ரயில், பிறகு பஸ், பிறகு காட்டு வழி நடை என்று ஒரு தாளில் எழுதி, சுவரில் ஒட்டி வைத்தேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்தி அதைப் படித்துக் காட்டினேன்.

ஒரு நாள் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை உதித்தது. போன சரக்கும் வந்த சரக்கும் ஒத்துப்போக வேண்டும். போட்டோவில் இவ்வளவு முடியோடு இருப்பவள், திரும்பி வரும்போது மொட்டையாக வந்து நின்றால்? இது வேறு ஆள் என்று நிறுத்திவிட மாட்டானா? அடேயப்பா, எனக்கு எப்பேர்ப்பட்ட மூளை என்று நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அங்க வச்சுல்லா குடுக்கணும்?" என்றாள்.

"ஏளா, முடி முடிதானே? மஞ்சத் துணியில கட்டிக் கொண்டு போயிச் சன்னதியில போட்டா வேண்டாங்கப் போறானா? கடல் தாண்டுத விசயம். ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சவரத் தொழிலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, கோயில்னா எடுக்கேன். தாலியோட இருக்குத கட்டுக்கழுத்திக்கு வீட்டுல வச்சு எடுக்கச் சொல்லுதீகளே, என் கையால அந்தப் பாவம் வேண்டாம்" என்று கத்தியை மடக்கிவிட்டான். அவனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. கண்டபடி ஏசி, கெஞ்சி, கடைசியில் போட்டோ ஸ்டூடியோவின் பின்கட்டில், கிணற்றடியில் உட்கார்த்தி எடுக்க வைத்தேன். அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். மடியில் விழுந்த முடியை அவளே மஞ்சத் துணியில் அள்ளிக் கட்டினாள்.

ஸ்டூடியோக்காரர் பரிதாபப்பட்டு, "முக்காடு போட்டுக்கிடுங்கம்மா" என்றார். "போடப்படாது. மொட்டை தெளிவாத் தெரியணும்" என்று நான் அதட்டினேன். அந்த அதட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் கடுதாசி கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் போட்டோவைப் பார்த்து, "வீட்டுல ஏதும் துக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி என் யோசனையை விளக்கினேன். மனிதர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஏய், இங்கன வாங்கடே" என்று மற்றவர்களையும் கூப்பிட்டு, என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்! "கதிர்காமம் போறவுக முடியோட போயி மொட்டையோடதான் வருவாக. அது எங்களுக்குத் தெரியாதாய்யா?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் இளித்து வைத்தேன்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றாள். "ஆபீசுல என்ன சொன்னாக?"

"நல்ல முன்யோசனைன்னு ஆபீசரே மெச்சினாரு" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்பச் சரிதான்" என்றாள். அவள் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது.

கடுதாசி வந்தது. கப்பல் நாளும் குறித்தாயிற்று. இரண்டு நாள் முன்னால் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். தோணிக்காரர் பெண்சாதி, மாதா கோவிலைச் சேர்ந்தவள். நான் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பேசியது அத்தனையும் காதில் விழுந்தது.

"என்னளா இது, போகு முன்னமே மொட்டை?"

"எங்க வீட்டுக்காரரு யோசனை. இல்லன்னா திரும்பி வரும்போது எறங்க விட மாட்டானாம். ஆபீசரே மெச்சினாராம்" என்றாள் என் மனைவி. குரலில் அவ்வளவு பெருமை.

"நல்லாருக்கே! போன மாசம் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, இதே போட்டோக் கடுதாசியோட போயி, மொட்டைத் தலையோடதான் வந்து எறங்கினா. ஒருத்தன்கூட ஒண்ணும் கேக்கலியே."

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்து போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

"அவுகளுக்கு வேற மாதிரிக் கடுதாசியா இருக்கும். எங்களுக்கு இப்படித்தான்னு சொல்லிட்டாக" என்றாள் என் மனைவி.

பிறகு உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்து, தன் சேலைகளை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள்.

"நான் வரல. குடுக்கேன்னு சொன்னதக் கிணத்தடியில குடுத்துட்டேன். இனி அந்தச் சாமி முன்னால போயி என்னத்தக் குனிய? வளரட்டும். வளந்த பெறவு பாப்போம்."

முடி வளர்ந்தது. அதற்குள் சட்டம் இறுகி, எத்தனை மனுப் போட்டும் கடுதாசி கிடைக்காமலே போயிற்று. அது பிந்திய கதை. அன்றைக்கு நான், ஏச்சு விழும் என்று தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆபீசரு மெச்சினாருன்னீகளே. சிரிச்சாராக்கும்?"

"ஆமா."

"எல்லாரும் இருக்கும்போதா?"

"எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சிரிச்சாரு."

அவள் கை நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ பாவம். ஒங்களப் போயா?" என்றாள்.