சொட்டுநீர் மானியத்தில் ஒரு கூடுதல் கை

ஒலக்கூர் பக்கத்தில் அம்சா என்றொரு பெண்மணி இருக்கிறார். 1993-இல் கல்யாணமாகி வந்த மறுவாரமே மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கியவர், இருபது வருஷமாகியும் கரையேறவில்லை. உழவுக்கு ஆள் பிடிப்பது, விதைப்பது, களை வெட்டுவது, மண்டியில் சண்டை போடுவது எல்லாம் அவர்தான். அரசாங்கத்தைக் கேட்டால் மட்டும் அவர் விவசாயி இல்லை. பட்டா கணவர் தாண்டவராயன் பெயரில் இருக்கிறது. தாண்டவராயன் பல்லாவரத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஆகவே அவர்தான் விவசாயி.

கிணறு கைவிரித்து மூன்று கோடை ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாதிக் கொல்லை காய் பிடிக்கிற நேரத்தில் கருகிற்று. சொட்டுநீர்க் குழாய் போட்டால் இருக்கிற தண்ணீர் முழுக் கொல்லைக்கும் எட்டும். அதற்கு மானியம் உண்டு. ஆனால் குழாய் வருமுன் விவசாயி தன் நிலத்தில் நிற்கிற போட்டோ வேண்டும்.

போட்டோ எடுக்க வந்த அதிகாரி, முழங்கால்வரை மண்ணோடு நின்ற அம்சாவிடம் கேட்டார்: "விவசாயி எங்கம்மா?"

"வந்துகினு இருக்காரு சார். பஸ்ஸு மேல்மருவத்தூர் தாண்டிடுச்சாம்."

விவசாயி வந்தார். இஸ்திரிச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. விறுவிறுவென்று நடந்து, ஒரு வேப்பமரத்தடியில் கம்பீரமாக நின்றார். அது பக்கத்துக் கொல்லைக்கார வெள்ளையம்மாளின் நிலம்.

"ஏங்க, அங்க இன்னா பண்றீங்க? இப்பால வாங்க!"

"வேப்பமரம் வரிக்கும் நம்மளுதுதானே? எங்கப்பா சொல்லிகினே இருப்பாரு."

"அந்த மரத்த வெட்டி எட்டு வருஷமாவுது. இது வேற மரம்."

வெள்ளையம்மாள் தன் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்: "இருக்கட்டும் அம்சா, வந்தவரு நாலு மண்ணாங்கட்டி ஒடைச்சிட்டுப் போவட்டும்!"

ஒருவழியாக விவசாயி சொந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்தார். "பட்டாதாரர் மட்டும் நில்லுங்க" என்று அதிகாரி அம்சாவை ஒதுக்கினார். அம்சா ஒதுங்கினார். ஆனால் கணவர் வெயிலுக்குக் கூசி மறுபடியும் மரத்து நிழல் பக்கம் நகர, எட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நொடியில் போட்டோ விழுந்தது.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: படத்தில் உள்ள கூடுதல் கை யாருடையது?

அரசாங்கம் கேட்டது நியாயம்தான். மானியம் என்றால் எத்தனையோ கைகள் நீளும். படத்தில் விழுவது இது ஒன்றுதான்.

மறுபடி படமெடுக்கத் தாண்டவராயனுக்கு லீவு கிடைக்கவில்லை. விதைப்போ தலைக்குமேல் நின்றது. அம்சா கொல்லையிலிருந்து நேராக ஆபீசுக்குப் போய், மேஜைமேல் கையை வைத்தார். அதே கண்ணாடி வளையல், அதே செம்மண்.

"இந்தக் கைதான் சார். நல்லா பாத்துக்குங்க."

"அது ஏம்மா அவரைப் பிடிச்சிகினு இருக்குது?"

"வுட்டா பக்கத்து நெலத்துக்குப் போயிடுவாரு சார். அப்பால மானியம் வெள்ளையம்மாளுக்குப் போயிடும்."

அதிகாரி சிரித்துவிட்டார். கை தன் மனைவியுடையது என்று தாண்டவராயனைப் போனிலேயே சொல்ல வைத்து, படத்தை அப்படியே மேலே அனுப்பினார். அனுமதி வந்தது. குழாயும் வந்தது.

முதல் தண்ணீர் கடைசி வரிசை வரைக்கும் சொட்டிய அன்று அம்சா பல்லாவரத்துக்குப் போன் போட்டார்.

"தண்ணி வந்துடுச்சிங்க. அடுத்த தபா வந்தா குழாய் எங்க முடியுதோ அங்கியே நின்னுடுங்க. அதுவரிக்கும்தான் நம்மளுது."