கும்மியில் கொடுத்த மனு

பூந்தமல்லி மிஷன் பள்ளி வாத்தியாரம்மா ஞானசௌந்தரிக்கு இரண்டு வேளை ஜெபமும் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. கண்ணை மூடி முழங்கால் போட்டால் போதும், எதுகை மோனையோடு பாட்டு வரிகள் வந்து நிற்கும். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆமென் சொன்ன கையோடு சிலேட்டைத் தேடுவார். பள்ளி விட்டதும் குடையும் கையுமாக ஊர் ஊராக நடப்பார். கூலியைக் குறைத்தார்கள், பாதையை அடைத்தார்கள் என்றால் மனு எழுதுவது அவர்தான். பதினோரு வருஷத்தில் எழுதிய மனுக்கள் ஏராளம், பலித்தவை ஏழெட்டு.

1937 கோடையில் குத்தம்பாக்கம் சேரியில் தண்ணீர்க் கஷ்டம். சர்க்கார் வெட்டிய பொதுக்கிணறு இருந்தது. ஆனால் சேரிப் பெண்கள் தள்ளி நிற்க வேண்டும். ஊர்க்காரர் யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால்தான் குடம் நிறையும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்று தெரிந்து ஞானசௌந்தரி மனுவோடு போனார். ஒருத்தியும் கைநாட்டு வைக்கவில்லை.

"போன வருசம் ஊர்க்காரன் ஒர்த்தன் இன்னாவோ காயிதம்னு ரேகை வாங்கிக்கினு போனான். அப்பால பாத்தா, அந்தக் கெணத்துத் தண்ணியே வாணாம்னு நாங்க எழுதிக் குடுத்தா மாரி கீது," என்றாள் பொன்னியம்மா. நடவுப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. "படிக்கத் தெரியாத எதுலயும் வெரல வெக்க மாட்டோம் டீச்சரம்மா."

ஞானசௌந்தரிக்குக் கோபம் வந்தது. நியாயம் அவர்கள் பக்கம் இருந்ததால் அதை யார்மேலும் கொட்ட முடியவில்லை. மறுநாள் ஜெபத்தில் வழக்கம்போல ஒரு வரி வந்தது. இந்த முறை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மனுவையே கும்மிப்பாட்டாக்கினார். மூன்று நாளில் சேரி முழுக்க அதுதான் பாட்டு.

வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் நாற்பது பெண்கள் கும்மியடித்தார்கள்.

"மனு எழுத்தில் இருக்க வேண்டுமே," என்றார் அவர்.

"நீங்களே எழுதிக்கோங்க. மெதுவாப் பாடறோம்," என்றாள் பொன்னியம்மா.

அதிகாரியோடு வந்த குமாஸ்தா எழுதி, உரக்கப் படித்தார். அழகான நடை. 'எங்களுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றும்படி உத்தரவிட வேண்டுகிறோம்' என்று முடிந்தது. ஞானசௌந்தரி பூரித்துப்போய்த் தலையாட்டினார்.

பொன்னியம்மா ஆட்டவில்லை. "ஊத்தறதா? பாட்டுல அப்டி இல்லீங்களே. நாங்களே எறைச்சிக்கணும்னுதான் கீது."

சேரியில் பிறந்து, அம்மாவோடு தள்ளி நின்று குடம் நீட்டிய ஞானசௌந்தரிக்கே அது உறைக்கவில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் பொங்கியது. குமாஸ்தா அடித்துத் திருத்தி இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகே கைநாட்டுகள் விழுந்தன.

உத்தரவு ஆடி மாதம் வந்தது. முதல் வாளியை யார் இறக்குவது என்று நாற்பது பெண்களுக்குள்ளும் அடிதடி. ஞானசௌந்தரிக்கு முறை வர மத்தியானம் ஆகிவிட்டது.