தள்ளுவண்டிக்காரி

வாடகைக் கார் ஓட்டுகிறவளுக்குத் தெரு வைத்த பெயர் தள்ளுவண்டிக்காரி. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அத்தோடு சரி. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வந்து தள்ளினால்தான் கார் உயிர் பெறும். தள்ளுவதென்னவோ பக்கத்து வீட்டு வாசல் வரைதான். சொல்லிக்காட்டுவது ஊர் முழுக்க. தான் இல்லாவிட்டால் தங்கச்சி பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும் என்று முடிவெட்டும் கடையில்கூடச் சொல்லியிருந்தான்.

கடைசியில் தீர்ப்பும் சொல்லிவிட்டான். “பேட்டரி மாத்தியும் செல்ஃப் எடுக்கல. இஞ்சினே போச்சு. நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரர் வரார். வித்துட்டு வீட்டோட இரு.”

வீட்டோட இரு என்றதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கிருந்த சுதந்திரமே அந்தக் கார்தான். இஞ்சின் போயிருந்தால் தள்ளினால் மட்டும் எப்படி ஓடும்? இத்தனை நாளும் தலையாட்டிக்கொண்டிருந்ததற்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணியைப் பிடித்து ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தாள். நியூட்ரலில் போட்டு, முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னாள். ‘டக்’. விளக்கு துளியும் மங்கவில்லை. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது. இஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நீள ஸ்பேனரை உள்ளே விட்டு மோட்டார் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மறுபடி திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

“இதாவது தட்டினா வழிக்கு வருது” என்றாள் அண்ணி, தன் புருஷனை நினைத்துக்கொண்டு.

உதிரிபாகக் கடையில் வேறு மோட்டார் வாங்கி வந்தாள். பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியைத் தூக்கி முட்டுக்கொடுத்து, அடியில் போய்ப் படுத்தாள். கீழ் போல்ட் மரியாதையாக வந்துவிட்டது. மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்கவேண்டும். தோல் உரிய, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கழற்றினாள். வாங்கி வந்ததை மாட்டிவிட்டுப் பழைய மோட்டாரைப் பிரித்தால் உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் கட்டைகள் தேய்ந்து நகத்தளவுக்கு நின்றன. இந்தத் துக்கடாவுக்காகவா இத்தனை பேச்சு வாங்கினோம் என்று சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை இரும்புக்காரர் லாரியோடு வந்து நின்றார். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கடைசித் தள்ளுக்குக் காரின் பின்னால் போய் நின்றான். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. இஞ்சின் ஓடியது. அணைத்தாள். நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை கிளப்பினாள்.

பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“தள்ளினது போதும்ணே. கொஞ்சம் தள்ளி நில்லு, ரிவர்ஸ் எடுக்கணும்.”