ஜெயலக்ஷ்மியின் இரண்டாவது போன்

ஜெயலக்ஷ்மி முழங்கால் வலியைக் காரணம் காட்டி சர்க்கார் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றபோது அவளுக்கு ஐம்பது வயது. கோட்டைப் பகுதித் தெருவிலிருந்த அந்த வீட்டில் மத்தியானங்கள் நீண்டன. வேலைக்காகப் பெங்களூருக்குப் போன மகள் ஸ்நேகா, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். கோட்டை கட்டி, எதிராளியின் கோட்டையைப் பிடிக்கும் ஆட்டம். சில மாதங்களில் ஜெயலக்ஷ்மி ஓர் அணிக்குத் தலைவியானாள். கொல்லத்து ஆட்டோ ஓட்டுநரும் துபாயில் நர்ஸாக இருந்த பெண்ணும் அவளை அக்கா முறை வைத்து 'ஜெயேச்சி' என்றழைத்து உத்தரவு கேட்டார்கள். அலுவலகத்தில் இத்தனை வருஷங்களில் ஒருவரும் அவளிடம் உத்தரவு கேட்டதில்லை.

பால் பொங்கி வழிந்தது, குக்கர் கருகியது. இவற்றையெல்லாம் கணவர் ஹரிஷங்கர் பொறுத்துக்கொண்டார். சென்ற வருஷம் அவருடைய அப்பாவின் சிராத்தத்தன்று பாயசம் அடிப்பிடித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அடுத்த தடவை மடத்திலே பண்ணிடலாம். அங்கே சமையலுக்கு ஆள் இருக்கு" என்றார்.

படுக்கையாக இருந்த மாமனார், கடைசிக் காலத்தில் ஜெயலக்ஷ்மி ஊட்டினால் மட்டுமே வாய் திறந்தவர். அவருடைய சிராத்தத்துக்குச் சமைப்பது அவளுக்கு மட்டுமே உரியது என்பது அந்த வீட்டில் பேசாமலே ஏற்கப்பட்டிருந்தது.

"இன்னும் ஒரு வருஷம் கொடுங்கோ. இதையும் பிடுங்கிண்டா எனக்கு என்ன இருக்கு?" என்றாள். ஹரிஷங்கர் சம்மதித்தார். அன்றுமுதல் போனைப் பகலெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இந்த வருஷம் சிராத்த தினம் வந்தது. ஜெயலக்ஷ்மி தலைக்குக் குளித்து, யாரும் தொடாமல் கொடியில் உலர்ந்த ஒன்பது கஜத்தை உடுத்திச் சமையலறைக்குள் போனாள். சிராத்தத்துக்குச் சமைப்பவள் எல்லாம் முடியும்வரை தீட்டுப்படாமல் மடியாக இருக்க வேண்டும். போனைத் தொட்டால் மடி போயிற்று, அந்தக் கை பட்ட அன்னமும் ஆகாது.

"மன்னி, போன் இல்லாம கை நடுங்கறதா? கரண்டியைப் பிடிச்சுக்கோங்கோ, செரியாப் போகும்" என்றாள் வாசல்படியில் நின்ற மீரா, மைத்துனன் சுப்புவின் மனைவி.

"நீ இலையைத் துடை" என்றாள் ஜெயலக்ஷ்மி.

மீரா கூடத்துக்குப் போனாள். அப்போது பக்கத்து உக்கிராண அறையில், புளி ஜாடிக்குப் பின்னால், ஒன்று அதிர்ந்தது. ஸ்நேகாவின் பழைய போன். அணியின் போட்டி அன்று மத்தியானத்தோடு முடிகிறது என்பது ஜெயலக்ஷ்மிக்குத் தெரியும். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. பார்த்துவிட்டு வருவோம், தொட வேண்டாம் என்றுதான் உள்ளே போனாள். 'ஜெயேச்சி எவிடே?' என்று மலையாளத்தில் அவளைத் தேடித் திரையில் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். விரல் தானாகப் போயிற்று. இரண்டு உத்தரவுகள் கொடுத்தாள். சாதம் பொங்கும் சத்தம் கேட்டு ஓடிவந்து பானையை இறக்கினாள், கஞ்சி வடித்தாள், பாயசத்தைக் கிளறினாள். அதன் பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை.

"மாமி, ஹோமத்துக்கு அன்னம் வரலாமே" என்று கூடத்திலிருந்து வாத்தியார் கைலாஷ் குரல் கொடுத்தார்.

சாதத்தைத் தட்டில் எடுத்தாள். மாமனாரின் பெயரைச் சொல்லி மந்திரம் நடந்துகொண்டிருந்தது. வாசல்படிவரை போனவள் அங்கேயே நின்றாள்.

"மீரா, அவரைக் கூப்பிடு."

பஞ்சகச்சத்தோடு வந்து நின்ற ஹரிஷங்கரிடம், "நான் மடி இல்லை. இந்தச் சாதமும் பாயசமும் ஆகாது" என்றாள்.

அவர் தட்டைப் பார்த்தார். "போன் பீரோவிலேன்னா இருக்கு?"

"இது ஸ்நேகாவோட பழசு. உக்கிராணத்திலே வெச்சிருக்கேன்."

"எப்போலேருந்து?"

"நீங்க அதைப் பூட்ட ஆரம்பிச்சதிலேருந்து."

"எனக்குக் கரமனையிலே இன்னொரு கிருஹத்திலேயும் சிராத்தம் இருக்கு, கேட்டேளா" என்றார் கைலாஷ்.

"நேரமாகும்னு அவாளுக்குப் போன் பண்ணிச் சொல்லிடும்" என்றார் ஹரிஷங்கர். போன் என்ற வார்த்தையைக் கேட்டுக் கூடத்திலிருந்த சுப்பு மட்டும் இருமினான்.

உலர்ந்த மடிப்புடவை வேறு இல்லை. ஜெயலக்ஷ்மி மறுபடி தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு புதிதாக உலை வைத்தாள். உக்கிராணத்தில் போன் விடாமல் அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் அவள் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது.

"நான் எடுத்து அணைக்கட்டுமா, மன்னி?" என்றாள் மீரா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"வேண்டாம், கிடக்கட்டும்." கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. பாயசம் இறக்கும் நேரத்தில் அதிர்வு நின்றது, போட்டி முடிந்துவிட்டிருந்தது.

வெயில் சாய்வதற்குள் பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, பிண்டமும் முடிந்தது. கைலாஷ் கரமனைக்கு ஓடினார். ஹரிஷங்கர் உக்கிராணத்திலிருந்து அந்தப் போனை எடுத்து வந்து சமையலறைக்கு வெளியே நின்றார்.

"இதை என்ன பண்ணட்டும்?"

ஜெயலக்ஷ்மியின் கண் திரையிலேயே இருந்தது. ஒருமுறை கேட்டால் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. ஆட்டத்தை நாளைக்குத் தானே அழிப்பதாகச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

"நான் இன்னும் சாப்பிடலை, மடி. தொடக்கூடாது" என்றாள். "இப்பவே நீங்க அந்த ஆட்டத்தோட கணக்கையே அழிங்கோ, பீரோ போனிலேயும் போயிடும். சாப்பிட்டுட்டேன்னா நான் விடமாட்டேன்."

திரைப்பூட்டின் எண்ணைச் சொன்னாள். அவர் மெதுவாக ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லாம் போனதும் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அடுத்த வருஷம்?" என்று கேட்டாள்.

"மடத்திலே நான் இன்னும் சொல்லி வெக்கலை" என்றார். "கை அலம்பிண்டு வரேன். இலை போடு."