நானே எழுதிய பரீட்சை

எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பாடக்குறிப்பு வரும் அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். பேராசிரியர் தன் பழைய நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்து, போனில் படம் எடுத்து, பக்கம் பக்கமாகத் தட்டிவிடுவார். வகுப்பே "தேங்க் யூ சார்" போடும். என் போன் ஒவ்வொன்றாகத் தொட்டு "படம், படம், படம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை வைத்துத்தான் நான் படிக்கிறேன். எழுத்தாக இருந்தால் அது கடகடவென்று படிக்கும். படமாக அனுப்பினால் அது என்ன செய்யும்?

"சார், கொஞ்சம் டைப் பண்ணி அனுப்புங்க சார்" என்று கேட்டேன். "பிடிஎஃப் போட்டிருக்கேனேம்மா" என்றார். திறந்தால் அதே படங்கள், ஒரே கட்டாக. கையெழுத்தைப் படிக்கும் செயலியெல்லாம் வந்துவிட்டதே என்று தோழிகள் சொன்னார்கள். எங்கள் சாரின் கையெழுத்தைக் காட்டினால் அந்தச் செயலி ஜுரம் வந்தவன் போல உளறியது. கடைசியில் தோழி ஒருத்திதான் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே வாசித்துக் காட்டுவாள். நான் பதிவு செய்துகொள்வேன். என் எம்.ஏ. வரலாற்றுப் பாடம் முழுக்க அவள் மெல்லும் சத்தத்தோடுதான் என் காதில் இருக்கிறது.

வீடு ஆவடியில், அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்காக வந்த குடும்பம். கல்லூரி பூந்தமல்லியைத் தாண்டி. பஸ்ஸில் பாரிவாக்கம் திருப்பம் வந்ததும் நான் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். போக்குவரத்து எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. வழியில் நிற்கும் பைக்குகளையும் மூடாத பள்ளங்களையும் கோலால் தட்டித் தட்டிச் சமாளித்துவிடலாம். கல்லூரிக்குள் போனபிறகுதான் எனக்குக் கண் தெரியவில்லை என்பதே ஞாபகம் வரும்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பள்ளிக்கூடப் பக்கமே அனுப்பவில்லை. ரேஷன் கடை, பேங்க், என் பள்ளிக்கூடம், எங்கே போனாலும் கைநாட்டுதான். "எம் மவ கைநாட்டு வைக்கப்பிடாது" என்று அப்பாவிடம் ஒரே பிடியாக நின்றிருக்கிறாள். அப்பா கெட்டி அட்டையில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து வெட்டி, அதற்குள் பேனாவை ஓட்டி என் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடப் பழக்கினார். இன்றைக்கும் அட்டை இல்லாமலேயே நேராகப் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

பரீட்சை என்று வந்தால் எனக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரைத் தருவார்கள். என்னைவிடக் குறைவாகப் படித்தவராக, வேறு பாடக்காரராக இருக்க வேண்டும் என்பது விதி. சரி, காப்பியடிக்கக் கூடாது, புரிகிறது. ஆனால் அந்த மாதிரி ஆளைத் தேடிப் பிடிப்பது என் வேலையாம். ஒருமுறை முதலாண்டுப் பெண் ஒருத்தி வந்தாள். நல்ல பிள்ளை, ஆனால் தமிழ் எழுதிப் பழக்கமே இல்லை. நான் ஒரு நீள வாக்கியம் சொன்னால் பாதியில் பேனா நின்றுவிடும். "அக்கா, கை வலிக்குதுக்கா, சுருக்கமா சொல்லுங்கக்கா" என்பாள். தெரிந்ததையெல்லாம் நறுக்கி நறுக்கிச் சொன்னேன். அந்தத் தாளில் ஃபெயில். மற்றதெல்லாம் பாஸ், அந்த ஒன்று மட்டும் அரியர். அது முடியாமல் பட்டம் கிடையாது.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வாக்கியம் என் கையால் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. கம்ப்யூட்டரில் யாரையும்விட வேகமாகத் தமிழ் அடிப்பேன். அப்புறம் எதற்கு எனக்கு இன்னொருவர் கை? அந்த அரியரை நானே கம்ப்யூட்டரில் எழுதுகிறேன் என்று தேர்வு அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கேயிருந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "கம்ப்யூட்டர்லயா? உன்னாலயா?"

அலையோ அலை என்று அலைந்தேன். இன்று சார் மீட்டிங், நாளை சார் லீவ், அப்புறம் ஃபைல் மேலே போயிருக்கிறது. போன ஃபைல் கீழே வரவேயில்லை. ஒருநாள் பொறுமை போய், முதல்வர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "உள்ள விடலைன்னா இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்றேன். அதன்பிறகு மளமளவென்று நடந்தது. அனுமதி வந்தது. அதோடு மாற்றுத்திறனாளிகளுக்கான கணினி அறை என்று ஒன்றைத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டியபோது என் கையிலும் கத்தரிக்கோலின் ஒரு பிடியைக் கொடுத்து, "இங்க பாரும்மா, கேமராவப் பாரு" என்றார் போட்டோக்காரர். எங்கே என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் பழகலாம் என்று போனால் அறை பூட்டியிருந்தது. சாவி லேப் உதவியாளரிடம். திருமழிசையிலிருந்து வருபவர், வயதில் அப்பாவைவிடக் கொஞ்சம் சின்னவர்.

"இன்னாமா பண்றது, பொருள் புச்சு. தொறந்து வெச்சா பசங்க வந்து கேம் ஆடிக்கினு கீறானுங்க. எலி வேற வருது. அதான் பூட்டி வெக்கச் சொல்லிட்டாங்க."

"எனக்காகத்தானேண்ணே தொறந்தாங்க?"

"அது கரீட்டுதாம்மா. லெட்டர் வாங்கினு வா, தொறந்து வுட்றேன்."

என் அறைக்குள் நான் நுழைய லெட்டர்! கேட்டேன், வரவேயில்லை. பரீட்சை நாள்வரைக்கும் அந்தப் பூட்டைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அப்பாவின் பழைய லேப்டாப்பில் பழகிக்கொண்டேன். தேர்வு அலுவலகத்தில் மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தேன். "சார், கேள்வித்தாளை யூனிகோட்ல அடிக்கச் சொல்லுங்க. அப்பதான் கம்ப்யூட்டர் படிக்கும்." அவர், "நீ தமிழ் மீடியம்தானேம்மா? தமிழ்லதான் வரும், பயப்படாத" என்றார்.

பரீட்சையன்று அந்த அறை திறந்திருந்தது. ஏ.சி. போட்டிருந்தார்கள். வேறு துறையிலிருந்து இளம் ஆசிரியை ஒருவர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். பென் டிரைவில் கேள்வித்தாள் வந்தது. லேப் உதவியாளர் அதைத் திறந்து கொடுத்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் வரிக்குப் போனேன்.

"ஜே கே பி ஓ செமிகோலன்" என்றது கம்ப்யூட்டர்.

அடுத்த வரியும் அப்படியே. இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடும். விஷயம் இதுதான். எங்கள் ஊர்களில் கேள்வித்தாள் அடிப்பவர்கள் அச்சகத்துக்குக் கொடுத்த பழக்கத்தில் இன்னும் அந்தக் காலத்து எழுத்துருவிலேயே அடிக்கிறார்கள். கண்ணுக்குப் பார்த்தால் அழகான தமிழ். உள்ளே கம்ப்யூட்டருக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்துகள். யூனிகோடில் அடித்தால்தான் அதற்குத் தமிழ் தமிழாக இருக்கும். இதைத்தான் நான் தொண்டை வற்றச் சொன்னேன்.

"மேடம், இது படிக்கல."

ஆசிரியை குனிந்து பார்த்தார். "தமிழ்தாம்மா இருக்கு. நல்லா தெளிவா தெரியுதே?"

உங்களுக்குத் தெரியுதும்மா தாயே, என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். தேர்வு அலுவலகத்துக்குப் போன் போனது. அங்கிருந்து அச்சகத்துக்குப் போன் போனது. மற்ற அறைகளில் எல்லோரும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில் ஆசிரியைதான் "விடும்மா, நான் படிச்சுச் சொல்றேன், நீ கேள்விய டைப் பண்ணிக்கோ" என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் படிக்கப் படிக்க நான் கேள்விகளை அடித்துக்கொண்டேன். போன நேரத்துக்கு ஈடாக நேரம் தருவதாகவும் அவரே சொன்னார். மகராசி, நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் எழுதினேன். என்னமாய் எழுதினேன்! வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்துக்காரனிடம் நேரே வரி வாங்கிய ரயத்துவாரி முறையைப் பற்றிய பெரிய கேள்வி. நினைத்ததை அடித்து, திரும்பக் கேட்டு, பிடிக்காததை அழித்து, மறுபடி அடித்து. அழித்து எழுதுவது என்ற சுகமே எனக்கு எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை. ஒருவரிடம் சொல்லி எழுத வைக்கும்போது சொன்னது சொன்னதுதானே. ஓரிடத்தில், "வரி கட்டியவன் பெயர் தாலுகா கச்சேரிக் கணக்கில் இருந்தது, ஏர் பிடித்தவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை" என்று ஒரு வாக்கியம் வந்தது. அதை இரண்டுமுறை ஓடவிட்டுக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. முடித்துச் சேமித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, "முடிச்சிட்டேன் மேடம், பிரிண்ட் எடுத்துடலாம்" என்றேன்.

ஆசிரியை மறுபடி அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்தவருடைய குரல் இறங்கியிருந்தது.

"பிரிண்ட் ஏத்துக்க மாட்டாங்களாம்மா. பேப்பர் திருத்துற இடத்துல பார்கோடு போட்ட விடைத்தாள் புக்லெட்தான் வாங்குவாங்களாம். அதனால..."

"அதனால?"

"நீ அடிச்சத யாராவது பாத்து புக்லெட்ல எழுதித் தரணுமாம்."

கத்தினேனா என்று கேட்டால், ஆமாம், எழுந்து நின்று கத்தினேன். "அப்ப எதுக்கு மேடம் கம்ப்யூட்டர்? எதுக்கு ரிப்பன்? எதுக்கு ஏ.சி.?" என்று கேட்டேன். ஆசிரியை நாற்காலியை என் பக்கம் தள்ளினார். மாட்டேன் என்று எழுந்து போனால் ஆப்சென்ட். பட்டம் இன்னும் தள்ளிப்போகும். திரும்ப உட்கார்ந்தேன்.

எழுதக் கிடைத்த ஆள் லேப் உதவியாளர்தான். அவருக்கும் இது தலைவலிதான், அவர் இதற்காகவா வேலைக்கு வந்தார்? நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுத வேண்டும், நான் ஒரு காதில் ஹெட்போனை மாட்டி ஒத்துப்பார்ப்பேன். அவரும் சரி என்றார். கம்ப்யூட்டர் ஒரு காதில், அவர் ஒரு காதில். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது.

"இன்னாமா, இவ்ளோ நீட்டா அட்ச்சி வெச்சிகீற? கை வலிக்குது."

"பரவாயில்லண்ணே, மெதுவா எழுதுங்க."

பெரிய கேள்விக்கு வந்தோம். கச்சேரிக் கணக்கு வந்தது. பேனா உடனே அடுத்த பத்திக்குத் தாவியது. இடையில் பாதி வாக்கியத்துக்கான சத்தம் இல்லை.

"அண்ணே, பாதிய விட்டுட்டீங்க."

"அதான் அர்த்தம் வந்துட்ச்சேமா. வரி கட்னவன் பேரு கீது, அவ்ளோதானே?"

"இல்லண்ணே. ஏர் பிடிச்சவன் பேரு இல்லங்கறதுதாண்ணே விஷயமே. அதுக்குத்தான் இந்தப் பக்கமே எழுதினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி, அழுவாத. நடுவுல சொருவி எழுதிட்றேன்" என்று வரிகளுக்கு நடுவில் நெருக்கி எழுதினார். அதன்பிறகு எதையும் விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுதி முடித்ததும் முகப்புத் தாள். 'சொல்வதை எழுதியவர்' என்று அச்சடித்த இடத்தில் அவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை ஆசிரியை எனக்குப் படித்துக் காட்டினார். எதைத் தவிர்க்க அத்தனை அலைச்சல் அலைந்தேனோ, அதையேதான் அந்தத் தாள் சொல்லியது. அதன் கீழே என் கையெழுத்துக்கு நான் பேனாவுக்காகக் கையை நீட்டினேன்.

கையில் பேனா வரவில்லை. அலுவலகத்திலிருந்து புக்லெட்டை வாங்கிப்போக வந்திருந்தவர் மைப்பெட்டியைத் திறந்து என் விரலைப் பிடித்தார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்."

"இருக்கட்டும்மா. பார்வை இல்லாதவங்கன்னா ரேகைதான். எப்பவும் அப்படித்தான் வாங்குறது. டைம் ஆவுது."

"சார், நான் எம்.ஏ. சார்."

"அதுக்கென்னம்மா இப்ப? வண்டி வெயிட் பண்ணுது."

என் கட்டைவிரலை அவரே அழுத்தி, அவரே உருட்டி, அவரே எடுத்தார். துடைத்துக்கொள்ள ஒரு பழைய கேள்வித்தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து, வருகிறேன் என்று வீட்டுக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தேன். என் போனைக் கட்டைவிரல் வைத்துத்தான் திறப்பேன்; எண்ணை அடித்தால் அது பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லும். வைத்தேன். "கைரேகை பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்" என்றது. துப்பட்டாவில் தேய்த்துவிட்டு வைத்தேன். மறுபடி அதையே சொன்னது. பாரிவாக்கம் தாண்டும்வரை தேய்த்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பிடித்தவள் நின்றாள்.

"ஏட்டி, கம்ப்யூட்டர்லதான எழுதப் போறேன்னு சொன்ன? கையில எப்படிட்டி மை?"

பேனா கசிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அம்மா அடுக்களைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். என்னை உட்காரவைத்து, கட்டைவிரலை எண்ணெயில் தோய்த்துத் தன் முந்தானையால் தேய்த்தாள். முதலில் மெதுவாக. அப்புறம் எனக்கு வலிக்க வலிக்க.

"மை போயிட்டாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு நாளும் சீக்கிரம் போனதில்லட்டி" என்று சொல்லிவிட்டு, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.